திருவனந்தபுரமும் அகத்தியமலையும்: ஒரு காந்த ஊசியின் வரலாறு

முன்னுரை

புவியே ஒரு பெருங்காந்தம் என்னும் கருத்தை வில்லியம் கில்பர்ட் 1600-ஆம் ஆண்டு வெளியிட்ட நூலில் நிறுவினார். எனினும், காந்த ஊசி ஒரு நாளுக்குள்ளேயே சிறிதளவு விலகி மீள்வதை 1722-இல் இலண்டனில் ஜார்ஜ் கிரகாம் கண்டறிந்தார். புவியின் காந்தம் முழுவதும் அதன் உள்ளிருந்தே எழுவதாயின், அது நாள்தோறும் மாறுவது ஏன்? இவ்வினாவின் வரலாற்றில் பொதிகைக்கும் ஓர் இடம் உண்டு.

நோக்ககங்கள்

சுவாதித் திருநாள் மன்னர் 1837-இல் திருவனந்தபுரத்தில் வான்நோக்ககம் ஒன்றை நிறுவினார். காந்தப்புலக் கோடுகள் துருவப் பகுதிகளில் செங்குத்தாகவும், காந்த நடுக்கோட்டில் முற்றிலும் கிடையாகவும் அமைவன. அந்நடுக்கோட்டின் அருகே இருந்தமையால் அந்நகரம் காந்த அளவீட்டுக்குச் சிறந்த களமாயிற்று.

1852-இல் அதன் இயக்குநராகப் பொறுப்பேற்ற ஜான் ஆலன் பிரௌன், அகத்தியர் உறைவிடமாகத் தமிழ் மரபு போற்றும் அகத்தியமலையின் உச்சியிலும் ஒரு நோக்ககம் அமைத்தார். மலையும் காடும் கடந்து கருவிகள் ஏற்றப்பட்டன. கடற்கரைச் சமவெளியிலும் 1,800 மீட்டருக்கும் மேற்பட்ட உயரத்திலும் பதிவான ஊசியின் அசைவுகளை ஒப்பிடுவதற்கு இது வழிவகுத்தது. இரு நிலையங்களின் காந்த விலக்கப் பதிவுகள் 1874-இல் நூலாக வெளிவந்தன.

பதிவுகளின் பயன்

புவிக்காந்த விசையின் அன்றாட ஏற்ற இறக்கங்கள் தொலைவிலுள்ள இடங்களிலும் ஒருசேர நிகழ்வதைப் பிரௌன் எடுத்துக்காட்டினார். ஆகவே ஓரிடத்துப் பாறையோ தட்பவெப்பமோ அவற்றுக்குக் காரணமாதல் இயலாது. கதிரவனின் சுழற்சியோடு அவற்றை அவர் தொடர்புபடுத்தினார். மேல்வளிமண்டலத்தில் ஓடும் மின்னோட்டமே ஊசியின் நாள்மாற்றத்துக்குக் காரணமாகலாம் என்று 1882-இல் பால்ஃபர் ஸ்டூவர்ட் கருதினார். பிற்கால ஆய்வுகள் அதனை உறுதிசெய்தன. கதிரவன் ஒளியால் மின்னேற்றம் பெற்ற காற்றில், ஏறத்தாழ 100 கி.மீ. உயரத்தில், காந்த நடுக்கோட்டை ஒட்டிப் பகலில் வலிய மின்னோட்டம் பாய்கிறது.

முடிவுரை

காந்த நடுக்கோட்டின் அருகே அமைந்திருந்ததாலேயே தும்பா ஏவுதளத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டது. 1963 நவம்பர் 21 அன்று அங்கிருந்து முதல் ஏவூர்தி எழுந்தது. இந்திய விண்வெளி வரலாற்றை அந்நாளிலிருந்து தொடங்குவது வழக்கம். ஆயினும் அதே மண்ணில், அதே புவியியல் காரணத்தால், நூறாண்டுகளுக்கு முன்னரே ஊசியின் அசைவுகள் பொறுமையுடன் குறிக்கப்பட்டிருந்தன. காரணம் புலப்படுவதற்கு முன்பே எழுதிவைக்கப்பட்ட அவ்வெண்கள், அவ்வரலாற்றின் முன்பக்கங்களாகக் கருதத்தக்கன.