தரங்கம்பாடியிலிருந்து ஹாலேவுக்கு: போதகர்கள் எழுதிய 108 தொடர்கள்

தரங்கம்பாடின்னு சொன்னா நம்மில் பெரும்பாலோருக்கு ஞாபகம் வருவது அச்சுக்கூடம். சீகன்பால்கு, 1715இல் அச்சாகி முடிந்த தமிழ் புதிய ஏற்பாடு, பொறையாறில் போட்ட காகித ஆலை. (இந்தியாவில் தமிழ் எழுத்தில் அச்சான முதல் புத்தகம் அது இல்லை. 1578இல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' அதற்கு நூற்று முப்பது வருஷத்துக்கும் மேல் மூத்தது. ஆனாலும் வாட்ஸ்அப்பில் வருஷா வருஷம் இந்தத் தகவல் தப்பாகவே சுற்றிக்கிட்டு இருக்கு.)

எனக்கு அதைவிட சுவாரசியமாகப் பட்டது இன்னொரு அச்சுக்கூடம். அது இருந்தது ஜெர்மனியில், ஹாலே என்கிற ஊரில். தரங்கம்பாடியில் தமிழர்களுக்காக தமிழில் அச்சடித்துக்கொண்டிருந்த அதே ஆட்கள், தமிழர்களைப் பற்றி ஜெர்மன் மொழியில் பக்கம் பக்கமாக எழுதி கப்பலில் அனுப்பினார்கள். ஹாலேயில் அவை தொடராக அச்சாகின. 'ஹாலே அறிக்கைகள்' என்று இன்று ஆய்வாளர்கள் சொல்வது அதைத்தான். முதல் தொகுப்பு 1710இல் வந்தது. 1772 வரை 108 தொடர்கள், ஒன்பது தொகுதிகள். அதோடும் நிற்கவில்லை. 1776இல் புது வரிசை ஆரம்பித்து 1848 வரை போனது. ஒரு மிஷனின் போதகர்கள் நூற்று முப்பத்தெட்டு வருஷம் எழுதிக்கொண்டே இருந்திருக்கிறார்கள். புராட்டஸ்டன்ட் உலகில் மிஷன் பத்திரிகை என்கிற வகையே இங்கிருந்துதான் ஆரம்பிக்கிறது என்பார்கள்.

போதகர் வேலைக்கு வந்தவர்கள் ஏன் இவ்வளவு எழுதணும்? அங்கிருந்து ஆரம்பிப்போம்.

பார்த்தலோமேயு சீகன்பால்குவும் ஹென்ரிக் புளூட்சோவும் 1705 நவம்பர் கடைசியில் கோபன்ஹேகனில் கப்பல் ஏறி, 1706 ஜூலை 9 அன்று தரங்கம்பாடியில் இறங்கினார்கள். ஏழு மாசத்துக்கும் மேல். சீகன்பால்குவுக்கு அடுத்த நாள் 24 வயசு முடிகிறது. அனுப்பி வைத்தவர் டென்மார்க் மன்னர் நான்காம் ஃபிரெடெரிக். ஆனால் தரங்கம்பாடிக் கோட்டையை ஆண்டது டேனிஷ் வணிகக் கம்பெனி. கம்பெனிக்கு வியாபாரம் முக்கியம். மன்னர் கையெழுத்துப் போட்ட கடிதத்தோடு வந்து உள்ளூர் விஷயங்களில் மூக்கை நுழைக்கும் இரண்டு இளைஞர்கள் அவர்களுக்குத் தலைவலி. 1708 கடைசியில் கோட்டைத் தளபதி ஹாசியஸ், சீகன்பால்குவைப் பிடித்து டேன்ஸ்போர்க் கோட்டையிலேயே நாலு மாசம் அடைத்து வைத்தார்.

இந்த நிலைமையில் ஒருவருக்கு இருக்கும் ஒரே பாதுகாப்பு என்ன? தான் இங்கே என்ன செய்கிறோம் என்பது ஊருக்கு வெளியே பல பேருக்குத் தெரிந்திருப்பது. அவர்கள் எழுதிய ஆரம்பக் கடிதங்கள் 1708இலேயே ஜெர்மனியில் புத்தகமாக வந்துவிட்டன. 1709இல் லண்டனில் ஆங்கிலத்தில் வந்தது. மொழிபெயர்த்தவர் அன்டன் வில்ஹெல்ம் போமே. அந்த ஆங்கிலப் புத்தகம் எங்கெல்லாம் போனது என்று பார்த்தால் ஆச்சரியமாக இருக்கும். எப்வொர்த் என்ற இங்கிலாந்து கிராமத்தில் பாதிரியார் வீட்டில் ஒரு பிரதி இருந்தது. அந்த வீட்டுப் பெண்மணி சுசன்னா வெஸ்லி அதைப் படித்து அசந்துபோய், தன் பிள்ளைகளோடு வாராவாரம் தனித்தனியே உட்கார்ந்து பேச ஆரம்பித்தார், ஞாயிறு மாலையில் பக்கத்து வீட்டாரைக் கூட்டி வாசிக்கவும் செய்தார். அப்போது அவருடைய மகன் ஜான் எட்டு வயசுப் பையன். பின்னாளில் மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய அதே ஜான் வெஸ்லி. அட்லாண்டிக்குக்கு அந்தப் பக்கம் பாஸ்டனில் காட்டன் மேதர் தரங்கம்பாடிக்கே கடிதம் போட்டார், அந்தக் கடிதப் போக்குவரத்தை வைத்து 1721இல் ஒரு புத்தகமும் போட்டார். காவிரி டெல்டா ஓரத்து மீனவ ஊரின் சேதி பாஸ்டன் வரை!

காசும் இதே வழியில்தான் வந்தது. டேனிஷ் மன்னர் தன் தபால் வருமானத்திலிருந்து வருஷத்துக்கு 2000 தாலர் ஒதுக்கினார். அது பள்ளிக்கூடம், அச்சு, சாப்பாடு எல்லாத்துக்கும் போதாது. மிச்சம் வாசகர்களிடமிருந்து வரணும். லண்டனில் இருந்த கிறிஸ்தவ அறிவு வளர்ச்சிச் சங்கம் (எஸ்.பி.சி.கே.) ஒரு அச்சு இயந்திரத்தையே அனுப்பியது. வழியில் பிரேசில் அருகே பிரெஞ்சுக்காரர்கள் கப்பலைப் பிடித்தார்கள். கூட வந்த அச்சுத் தொழிலாளி பயணத்திலேயே இறந்துபோனார். இயந்திரம் மட்டும் 1712இல் வந்து சேர்ந்தது. தமிழ் எழுத்துகள் ஹாலேயில் வார்க்கப்பட்டு 1713இல் வந்தன. அவை பெரிசா இருந்ததால் காகிதம் கட்டுப்படியாகலை, இங்கேயே சின்ன எழுத்தா வார்த்துக்கொண்டார்கள். சீஸ் டப்பாவின் ஈய உறையை உருக்கி வார்த்த கதை எல்லாப் புத்தகத்திலும் இருக்கும். அதை விட்டுவிடுகிறேன். நான் சொல்ல வந்தது வேற: எழுதினதால் அச்சு இயந்திரம் வந்தது. அந்த அறிக்கைகள் இல்லாவிட்டால் 1715இன் புதிய ஏற்பாடு இல்லை.

இதில் ஒரு சிக்கல் இருக்கு. வாசகர் காசு கொடுக்கணும் என்றால், வாசகருக்குப் பிடித்த மாதிரி எழுதணும். ஹாலேயில் எல்லாவற்றையும் கையில் வைத்திருந்தவர் ஆகஸ்ட் ஹெர்மன் ஃபிராங்கே. அநாதை இல்லம், பள்ளிக்கூடம், மருந்துக்கடை, புத்தகக்கடை, அச்சகம் என்று ஒரு ஊருக்குள் ஊரையே கட்டியவர். தரங்கம்பாடியிலிருந்து வரும் நாட்குறிப்பும் கடிதமும் அவர் மேஜைக்குப் போகும். மிஷனரிகளுக்குள் நடந்த சண்டை, வெளியே தெரிந்தால் சங்கடம் தரும் சமாச்சாரம் எல்லாம் வெட்டுப்படும். மிச்சம் அச்சுக்குப் போகும். ஒரு கேள்வியை இங்கிருந்து அனுப்பினால் பதில் கையில் கிடைக்க ஒன்றரை, இரண்டு வருஷம். அதற்குள் எழுதினவரே செத்திருக்கலாம். சீகன்பால்கு 1719 பிப்ரவரியில் இறந்தபோது அவருக்கு வயசு 36.

இந்த அறிக்கைகளில் எனக்கு மிகப் பெரிய புதையலாகத் தெரிவது ஏழாவது, பதினொன்றாவது தொடர்கள். 1712க்கும் 1714க்கும் இடையில் சீகன்பால்குவும் அவர் சகா க்ருண்ட்லரும் ஒரு காரியம் செய்தார்கள். உங்கள் கடவுள்கள் யார், செத்த பிறகு என்ன ஆகிறது, கல்யாணம் எப்படி, வைத்தியம் எப்படி, எங்கள் மதத்தைப் பற்றி நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று கேள்விகளை எழுதி தமிழர்களுக்கு அனுப்பினார்கள். பதில்கள் தமிழில் வந்தன. அதை ஜெர்மனில் மொழிபெயர்த்து, குறிப்புகள் சேர்த்து அனுப்ப, 1714இல் 55 கடிதங்களும் 1717இல் 44 கடிதங்களும் அச்சாகின. மொத்தம் 99. 'மலபார் கடிதங்கள்' என்று பெயர். அந்தக் காலத்து ஐரோப்பியர்கள் தமிழையும் 'மலபார்' என்றுதான் சொல்வார்கள்.

கேள்வி கேட்டவர்கள் எதிர்பார்த்த பதில்தான் வந்திருக்கும் என்று நினைத்தால் ஏமாந்துபோவீர்கள். கிறிஸ்தவர்களை எங்க ஆட்கள் ஏன் மதிப்பதில்லை தெரியுமா என்று ஒருவர் வரிசையாகச் சொல்கிறார். பசுவை அறுத்துத் தின்கிறீர்கள், சாராயம் குடிக்கிறீர்கள், வெளிக்குப் போனால் தண்ணீர் விட்டுக் கழுவுவதில்லை, இறந்தவர்களுக்குச் செய்ய வேண்டியதை ஒழுங்காகச் செய்வதில்லை. சொல்வதற்குக் கூச்சமே இல்லை. எல்லா மதத்திலும் கடவுள் ஒருவரே, அவரவர் வழியில் நல்லபடி நடந்தால் கரையேறலாம், எதற்கு மாறணும் என்கிற வாதமும் திரும்பத் திரும்ப வருகிறது. முன்னூறு வருஷத்துக்கு முந்தைய தமிழர் ஒருவர் ஐரோப்பியரைப் பார்த்து எழுத்தில் பதில் சொல்லும் இந்த மாதிரி ஆவணம் வேறு எவ்வளவு இருக்கிறது நமக்கு? இதையெல்லாம் ஹாலேயில் பக்தியோடு காசு அனுப்பிய விதவைகளும் பாதிரியார்களும் உட்கார்ந்து படித்திருக்கிறார்கள்.

இந்தப் பதில்களில் பெரும்பகுதியை எழுதியவர் ஒரே ஆள் என்பது, 1998இல் இக்கடிதங்களைப் பதிப்பித்த கூர்ட் லீபாவின் முடிவு. ஜெர்மன் ஏடுகளில் அவர் பெயர் 'அலெப்பா'. அழகப்பன் என்று வாசிக்கிறார்கள். போர்ச்சுகீஸ், டேனிஷ், டச்சு, ஜெர்மன் எல்லாம் பேசத் தெரிந்தவர், கம்பெனியிடம் மொழிபெயர்ப்பாளராக இருந்தவர், சீகன்பால்குவுக்குத் தமிழ் உலகத்தைத் திறந்துவிட்டவர். கடைசிவரை ஞானஸ்நானம் வாங்கவில்லை. கொஞ்சம் யோசித்துப் பாருங்க. ஐரோப்பாவின் பக்தி மிகுந்த வாசகர்களிடையே பேர்போன ஒரு மிஷன் பத்திரிகையின் முக்கியமான எழுத்தாளர்களில் ஒருவர், அந்த மதத்துக்கு மாறாத ஒரு தமிழர்.

இவ்வளவு தாராளமாக இதை அச்சடித்த ஃபிராங்கே இன்னொன்றை நிறுத்தினார். 1713இல் சீகன்பால்கு தமிழ்நாட்டுத் தெய்வங்களைப் பற்றி ஒரு முழுப் புத்தகம் எழுதி அனுப்பினார். சிவன், விஷ்ணு மட்டுமில்லை, ஐயனார், மாரியம்மன், பிடாரி என்று கிராம தேவதைகள் வரை. 1708இலேயே தன்னிடம் சேர்ந்த தமிழ்ச் சுவடிகளுக்கு நூற்றுக்கு மேற்பட்ட தலைப்புகளோடு பட்டியல் போட்டவர் அவர். அந்தப் படிப்பும், ஊராரிடம் கேட்டுத் தெரிந்ததும் சேர்ந்த நூல் இது. ஹாலேயில் வந்த பதில், மிஷனரிகளை அனுப்பியது புறமதத்தை ஒழிக்கத்தான், அதை ஐரோப்பாவில் பரப்ப இல்லை என்கிற தொனியில் இருந்தது. கையெழுத்துப் பிரதி அலமாரிக்குள் போனது. 1867இல் வில்ஹெல்ம் கெர்மான் என்பவர் அதைச் சென்னையில் அச்சிட்டார். நூற்று ஐம்பத்து நாலு வருஷம் கழித்து, அதுவும் நம்ம ஊரில்.

கடிதங்கள் போகலாம், புத்தகம் போகக்கூடாது. ஏன்? என் ஊகம் இது. கடிதத்தில் 'அவர்கள்' பேசுகிறார்கள், கீழே அடிக்குறிப்பில் மிஷனரி மறுப்பு சொல்லிவிடலாம். புத்தகத்தில் போதகரே தன் குரலில், திட்டாமல், பொறுமையாக ஐயனாரை விளக்கிக்கொண்டிருந்தார். ஒரு போதகர் அப்படி எழுதலாமா என்பதுதான் ஹாலேயின் பயம். சுத்தமான பாராட்டோடு சீகன்பால்குவைப் பற்றி எழுதுபவர்களும், முழுக்கத் திட்டி எழுதுபவர்களும் இந்த இடத்தைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். இரண்டு பேருக்குமே இது தோதுப்படாது.

அடுத்த தலைமுறையில் எழுதுகிறவர்களே மாறுகிறார்கள். தஞ்சாவூர் அரசின் எல்லைக்குள் ஐரோப்பியர்கள் நினைத்தபடி போக முடியாது. அதனால் மாயவரம் பக்கமெல்லாம் உள்ளூர் ஆட்கள்தான் வேலை செய்யணும். கடலூர்க்காரரான ஆரோன் (பழைய பெயர் ஆறுமுகம்) 1718இல் சீகன்பால்குவிடம் ஞானஸ்நானம் வாங்கியவர். 1733 டிசம்பர் 28 அன்று தரங்கம்பாடியில் போதகராக அபிஷேகம் பெற்றார். இந்தியாவின் முதல் லூத்தரன் போதகர் அவர்தான். 1741இல் தியோகு இரண்டாவது. ராஜநாயக்கன் என்று முன்னாள் தஞ்சாவூர் சிப்பாய் ஒருவர் உபதேசியாராக இருந்தார். இவர்கள் ஊர் ஊராகப் போய், யாரிடம் என்ன பேசினோம், யார் திட்டினார்கள், யார் கேட்டார்கள், எங்கே பஞ்சம் என்று ஓலையில் எழுதி தரங்கம்பாடிக்குக் கொண்டுவருவார்கள். அதை மிஷனரிகள் வாசித்து, சுருக்கி, ஜெர்மனில் பெயர்த்து அனுப்புவார்கள். ஹாலேயில் மறுபடி திருத்தம். ஆக, மாயவரத்துத் தெருவில் நடந்த ஒரு பேச்சு, நம்மிடம் வருவதற்குள் மூன்று கை மாறியிருக்கும். சாஃப்ட்வேர்காரன் புத்தியில் சொன்னால், மூல லாக் நம்மிடம் இல்லை, வடிகட்டின ரிப்போர்ட்தான் இருக்கு.

இருந்தாலும் அந்த வடிகட்டலுக்குள்ளும் ஆட்கள் தெரிகிறார்கள். வழிப்போக்கர்கள், பண்டாரங்கள், சத்திரத்தில் வாதம் பண்ணும் பிராமணர்கள், காசு கேட்கும் அதிகாரிகள். பதினெட்டாம் நூற்றாண்டுத் தஞ்சாவூர்ச் சீமையின் சாதாரண நாள் ஒன்று எப்படி இருந்தது என்று தேடுபவர்களுக்கு, அரசாங்கக் கணக்குகளில் கிடைக்காதது இதில் கிடைக்கும்.

படிக்க விரும்புகிறவர்களுக்கு ஒரு வழி. ஹாலேயில் ஃபிராங்கே கட்டிய வளாகம் இன்னும் இருக்கிறது. அதன் அறக்கட்டளை இந்த அறிக்கைகளைப் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து இணையத்தில் வைத்திருக்கிறது. நாவலூரில் உட்கார்ந்தபடியே இலவசமாகப் பார்க்கலாம். எழுத்து பழைய ஜெர்மன் முறுக்கு எழுத்து, எஸ்ஸும் எஃப்பும் ஒன்று போலவே இருக்கும், பழக ரெண்டு வாரம் ஆகும். ஜெர்மனே வேண்டாம் என்றால், 99 கடிதங்களையும் டேனியல் ஜெயராஜும் ரிச்சர்ட் ஃபாக்ஸ் யங்கும் ஆங்கிலத்தில் கொண்டுவந்த 2013ஆம் ஆண்டுப் பதிப்பு இருக்கிறது. கழுவாத ஐரோப்பியர்களைப் பற்றிய கடிதத்தை முதலில் தேடுங்க. அதைப் படித்துவிட்டு மற்ற 98க்குப் போனால், அழகப்பன் எந்த இடத்தில் மிஷனரியைக் கிண்டல் பண்ணுகிறார், எந்த இடத்தில் நிஜமாகவே வாதம் பண்ணுகிறார் என்பது பிடிபட ஆரம்பிக்கும்.