மீதமுள்ள 2,850 பேர்: மார்பக நீர்க்கட்டியும் முடிவுக்கு வராத அச்சமும்

திருவனந்தபுரம் மாவட்டத்தில் நடந்த மார்பகப் பரிசோதனை ஆய்வின் முதற்கட்ட முடிவுகளைச் சங்கரநாராயணனும் அவர் குழுவினரும் 2011இல் வெளியிட்டார்கள். பயிற்சி பெற்ற சுகாதாரப் பணியாளர்கள் 50,366 பெண்களின் மார்பகங்களைக் கையால் தடவிப் பார்த்தார்கள். 2,880 பேரிடம் மேற்கொண்டு பார்க்க வேண்டிய ஏதோ ஒன்று தட்டுப்பட்டது. அவர்களுள் 30 பேருக்குப் புற்றுநோய் இருந்தது. தென்னிந்தியச் சூழலில் இத்துறையில் எழுதுவோர் தவிர்க்க முடியாத எண்கள் இவை. நான் பேச விரும்புவது இவற்றுக்கிடையே எழுதப்படாமல் நிற்கும் இன்னோர் எண்ணைப் பற்றி. 2,880இல் 30 போக மீதம் 2,850.

இந்த மீதத்தை நம் துறை படிக்கும் விதம் ஏறக்குறைய நிலைபெற்றுவிட்டது. இவர்களுக்கு நேர்வது தற்காலிகக் கலக்கம். ‘ஒன்றுமில்லை’ என்ற முடிவு வந்ததும் அது தணியும். தணியாவிட்டால் காரணம் விழிப்புணர்வு போதாமை. மருந்து, இன்னும் கொஞ்சம் தகவல். இந்த வாசிப்பு தவறு என்று கருதுகிறேன். குறைந்தபட்சம், நீர்க்கட்டி கண்டறியப்பட்ட பெண்ணின் விஷயத்தில் தவறு. அவளுடைய அச்சம் அறியாமையின் மிச்சமன்று. அவளுக்குச் சொல்லப்பட்ட செய்தியிலேயே முடிவு இல்லை. இதைத் திருவள்ளூர் மாவட்டத்தை, குறிப்பாகக் கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டைப் பகுதியை, மனத்தில் வைத்து வாதிட முயல்கிறேன்.

முதலில் அந்த எண்ணைச் சற்று நிதானமாகப் பார்க்க வேண்டும். கட்டுரை அதை 5.7 விழுக்காடு ‘பொய் நேர்மறை’ என்று பதிவு செய்கிறது. புள்ளியியலின் கணக்கில் அது சரிதான். புற்றுநோய் இருக்கிறதா என்பது கேள்வி. இருக்கலாம் என்றது கை. இல்லை என்றானது முடிவு. ஆகவே கை சொன்னது பொய். ஆனால் நீர்க்கட்டி உள்ளவளுக்கு எது பொய்? பணியாளரின் விரலில் தட்டுப்பட்டது உண்மையான ஒரு பொருள். ஸ்கேனில் தெரிந்தது அதே பொருள். வீட்டுக்குத் திரும்பிக் குளிக்கும்போது அவள் விரலில் தட்டுப்படுவதும் அதேதான். மாதவிலக்குக்கு முந்தைய வாரத்தில் அது சற்றுப் பெரிதாகி வலிக்கவும் கூடும். மருத்துவத்தின் கேள்வி முடிந்துவிட்டது, கட்டி அங்கேயே இருக்கிறது. ‘பொய் நேர்மறை’ என்ற வகை இந்த இருப்பை அழித்துவிடுகிறது. 2,850 பேரில் எத்தனை பேருக்கு நீர்க்கட்டி என்பதை அந்த எண் பிரித்துச் சொல்லவில்லை. நார்க்கட்டி, வெறும் தடிப்பு, ஒன்றுமே இல்லாதது என எல்லாம் அதற்குள் கலந்திருக்கும். எனினும் 35 முதல் 50 வயதுவரை பெண்களுக்கு மார்பில் நீர்க்கட்டி மிகச் சாதாரணம். அவர்கள் அந்த எண்ணுக்குள் கணிசமாக இருப்பார்கள் என்று கொள்வதில் பிழையிருக்காது.

இங்கே டென்மார்க் ஆய்வொன்று உதவுகிறது. பிராடர்சனும் சியர்ஸ்மாவும் 2013இல் வெளியிட்டது. மேமோகிராமில் சந்தேகம் எழுந்து, பின் புற்றுநோய் இல்லை என்று உறுதியான பெண்களை அவர்கள் மூன்று ஆண்டுகள் தொடர்ந்தார்கள். ஆறு மாதம் கழித்துப் பார்த்தபோது, உள்ளமைதியிலும் வாழ்க்கை பற்றிய மதிப்பீடுகளிலும் நேர்ந்த மாற்றம் புற்றுநோய் கண்டறியப்பட்டவர்களுக்கு நேர்ந்ததற்கு இணையாக இருந்தது. மூன்று ஆண்டுக்குப் பிறகும், தொடக்கம் முதலே இயல்பான முடிவு பெற்றவர்களைவிட அவர்கள் நிலை மோசமாகவே இருந்தது. எழுத்தறிவும் இலவச மருத்துவமும் உள்ள நாட்டில் இந்த நிலை. விழிப்புணர்வு போதாமை என்ற விளக்கம் இந்த ஒரு முடிவோடேயே ஆட்டம் காண்கிறது. அந்தப் பெண்கள் எல்லோருக்கும் தொட்டு உணரத்தக்க கட்டி மிஞ்சியிருந்தது என்று கொள்ள முடியாது. கட்டி மிஞ்சியிருப்பவளின் நிலை அதைவிட இலகுவாக இருக்கும் என்று எதிர்பார்க்க எனக்குக் காரணம் எதுவும் தென்படவில்லை.

மீண்டும் திருவனந்தபுரத்துக்கு. அதே கட்டுரை தரும் இன்னோர் அளவு 51.7 விழுக்காடு: இருந்த புற்றுநோய்களில் கைப்பரிசோதனை பிடித்தவற்றின் பங்கு. 30 என்பது 51.7 விழுக்காடு என்றால் தவறியவை ஏறத்தாழ 28. அதாவது ‘ஒன்றுமில்லை’ என்று அனுப்பப்பட்ட 47,486 பேரில் 28 பேருக்கு அந்தச் சொல் பொருந்தவில்லை. பத்தாயிரத்துக்கு ஆறு. மிகக் குறைவுதான். ஆனால் ஊரில் அப்படி ஒருத்தி இருந்தால் போதும். ‘அவளுக்கும் முதலில் ஒன்றுமில்லை என்றுதானே சொன்னார்கள்’ என்று பக்கத்து வீட்டில் பேசப்படுவதை அறியாமை என்று ஒதுக்க முடியாது. அது நடந்த ஒன்றின் நினைவு. கை பார்த்துச் சொல்லும் ‘ஒன்றுமில்லை’யும் ஸ்கேன் பார்த்துச் சொல்லும் ‘வெறும் நீர்க்கட்டி’யும் ஒரே உறுதியுடையவை அல்ல. பின்னது பன்மடங்கு உறுதியானது. இந்த வேறுபாட்டை யாராவது அவளிடம் சொல்கிறார்களா என்பதே கேள்வி.

சொல்லப்படுவது பெரும்பாலும் ஓர் எண். அமெரிக்கக் கதிரியல் கல்லூரி 1993 முதல் வெளியிட்டுவரும் பைராட்ஸ் வகைப்பாடு நம் ஸ்கேன் சென்டர்களிலும் வழக்கில் இருக்கிறது. உள்ளே முழுக்கக் கருமையாக, மெல்லிய சுவரோடு, தெளிவான விளிம்போடு தெரியும் எளிய நீர்க்கட்டிக்கு வகை 2. தீங்கற்றது, தனித் தொடர்கவனிப்பு வேண்டாம். உள்ளே நுண்துகள் மிதப்பதாகத் தெரிந்தால் வகை 3. புற்றுநோய்க்கான வாய்ப்பு 2 விழுக்காட்டுக்கு மேல் இல்லை. ஆறு மாதத்தில் மறுபடி ஸ்கேன். திடப்பகுதியும் கலந்திருந்தால்தான் வகை 4, ஊசி வைத்துச் சதை எடுத்துப் பார்க்க வேண்டும். நிபுணருக்கு 2க்கும் 3க்கும் நடுவே தெளிவான கோடு இருக்கிறது. ரிப்போர்ட்டைக் கையில் வாங்குகிறவளுக்கு? புற்றுநோயோடு சேர்த்து ‘மூன்று’ என்ற எண்ணைக் கேட்டால் நம் சுற்றமும் சினிமாவும் கற்றுத்தந்த பொருள் ஒன்றே ஒன்று: மூன்றாவது ஸ்டேஜ். இந்தக் குழப்பம் எவ்வளவு பரவலானது என்று அளவிட்டுச் சொல்ல என்னால் இயலாது. அதற்கு எல்லா வாய்ப்பும் இருக்கிறது என்று மட்டும் சொல்கிறேன். எண்ணைச் சரியாகப் புரிந்துகொண்டவளுக்கும் சிக்கல் தீர்வதில்லை. ‘ஒன்றுமில்லை, ஆறு மாதம் கழித்து வாருங்கள்’ என்ற வாக்கியத்தின் இரு பாதிகளும் ஒன்றையொன்று மறுக்கின்றன. ஒன்றுமில்லையென்றால் எதற்கு வர வேண்டும்? இதைவிட நேர்மையான கேள்வி இருக்க முடியாது.

அந்த ஆறாவது மாதம் கும்மிடிப்பூண்டியில் எப்படி வருகிறது என்பதையும் பார்க்க வேண்டும். சிப்காட் கம்பெனியில் கான்ட்ராக்டில் வேலை செய்கிறவளுக்கு ஸ்கேன் என்பது ஒரு நாள் கூலியும் அந்த மாதத்து அட்டெண்டன்ஸ் போனஸும். 1948ஆம் ஆண்டு ஈஎஸ்ஐ சட்டம் வகுத்த நோய்க்கால உதவி கூலியில் 70 விழுக்காடு. முதல் இரண்டு நாளுக்கு அது கிடையாது. ஒரு நாளில் முடியும் ஸ்கேன் அதனால் எந்தக் கணக்கிலும் வராது. புற்றுநோய் என்று உறுதியானால் நீட்டித்த உதவி உண்டு: 80 விழுக்காடு, இரண்டு ஆண்டுவரை. சந்தேகத்துக்கு எதுவும் இல்லை. வழியும் நேரானதன்று. திருவள்ளூர் அரசு மருத்துவக் கல்லூரி 2022இல் திறக்கப்பட்டது, மாவட்டத்துக்குப் பெரிய வரவு. ஆனால் கும்மிடிப்பூண்டி வடக்கு ரயில் பாதையில் இருக்கிறது, திருவள்ளூர் மேற்குப் பாதையில். ரயிலில் போக வேண்டுமானால் சென்னைக்கு வந்து திரும்ப வேண்டும். அதற்குப் பதில் ஸ்டான்லிக்கோ ராஜீவ் காந்தி பொது மருத்துவமனைக்கோ போய்விடலாம் என்று நினைப்பதில் வியப்பில்லை. ஒவ்வொரு முறையும் வேறு டாக்டர், வேறு ஸ்கேன், வேறு வரிசை. ‘முடிந்தது’ என்று சொல்லும் உரிமையுள்ள ஒரே ஆள் அவளுக்கு வாய்ப்பதில்லை.

சொல்லைப் பற்றியும் ஒரு குறிப்பு. ஆங்கில மருத்துவ உலகில் இவ்வகை மாற்றங்களை ‘நோய்’ என்று அழைப்பதை சூசன் லவ்வும் உடனாய்வாளர்களும் 1982இல் கேள்விக்குட்படுத்தினார்கள். 1987இல் கார்டிஃப் ஆய்வாளர்கள் இவற்றை இயல்பான வளர்ச்சியும் சுருக்கமும் சற்றுப் பிசகியவை என்று வகைப்படுத்தினார்கள். அந்த விவாதத்தின் பயன் தமிழுக்கு வரவில்லை. நம்மிடம் சீழ்க்கட்டி, கொழுப்புக்கட்டி, புற்றுக்கட்டி எல்லாமே கட்டிதான். எல்லைத் தெலுங்கின் ‘கட்ட’ என்ற சொல்லும் இப்படியே எல்லாவற்றையும் அள்ளிக்கொள்கிறது. ‘நீர்க்கட்டி’ என்றால் தெளிவு கிடைக்கும் என்று எதிர்பார்த்தோம். அந்தச் சொல்லைக் கருமுட்டைப் பைக் கோளாறு ஏற்கெனவே பிடித்துக்கொண்டது. இன்று அதைக் கேட்கும் இளம்பெண்ணின் நினைவுக்கு முதலில் வருவது குழந்தைப்பேறு பற்றிய கவலை. ஒரு பயத்தை நீக்கப் போய் இன்னொன்றைச் சேர்த்துவிடுகிறோம். பெயர்ச்சொல்லை விட்டு வினைச்சொல்லுக்குப் போகலாம் என்பது என் யோசனை. ‘பால் சுரப்பியில் நீர் கோத்திருக்கிறது’. நீர் கோப்பதை நம் வீடுகள் அறியும். கோத்த நீர் வடியும், வற்றும், சில சமயம் மறுபடி கோக்கும் என்பதும் அந்த வினையிலேயே அடங்கியிருக்கிறது. மாதவிடாய் நின்றபின் பெரும்பாலும் இக்கட்டிகள் அடங்கிவிடும் என்ற மருத்துவ உண்மைக்கும் அது பொருந்துகிறது. ‘நெஞ்சில் நீர் கோத்தல்’ நுரையீரல் நோயைக் குறிப்பதால் சுரப்பி என்ற சொல்லை விட்டுவிடக் கூடாது.

இனி, என் வாதத்தில் மறுப்புக்கு அதிகம் இடமுள்ள பகுதி. திருவள்ளூர் வைத்திய வீரராகவப் பெருமாள் கோயில் குளத்தில் உடம்பில் மருவும் கட்டியும் உள்ளவர்கள் வெல்லத்தைப் போடுவது நெடுநாள் வழக்கம். வெல்லம் கரைவதுபோல் கட்டியும் கரைய வேண்டும் என்பது வேண்டுதல். அமாவாசையன்று வரும் கூட்டத்தில் சென்னைக்காரர்களும் உண்டு, ஆந்திரப் பகுதியிலிருந்து வருவோரும் உண்டு. இத்தகைய வழக்கங்களைப் பொதுச் சுகாதார எழுத்து ‘சிகிச்சைத் தாமதத்தின் காரணிகள்’ என்ற பட்டியலில் சேர்த்துவிடும். பரிசோதனைக்கே போகாதவளைப் பற்றியென்றால் நானும் அதை மறுக்கமாட்டேன். கட்டி தட்டுப்பட்டால் முதலில் போக வேண்டிய இடம் ஆஸ்பத்திரிதான். ஆனால் வகை 2 என்ற ரிப்போர்ட்டைப் பையில் வைத்துக்கொண்டு குளக்கரையில் நிற்பவள் எதைத் தாமதப்படுத்துகிறாள்? அவளுக்குச் சிகிச்சையே இல்லை. மருத்துவம் அவளிடம் பேச வேண்டியதைப் பேசி முடித்துவிட்டது. குளம் அவளுக்குத் தருவது, கண்முன்னே ஒன்று கரைந்து இல்லாமற் போகும் காட்சி. தேதியிட்ட ஒரு முடிவு. அந்தக் குளத்தின் பெயர் ஹிருத்தாபநாசினி, உள்ளத்தின் வெம்மையை நீக்குவது. உடற்பிணிக்காக மக்கள் வரும் ஒரு தீர்த்தத்துக்கு உள்ளத்தை வைத்துப் பெயர் அமைந்திருப்பதைத் தற்செயல் என்று விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. பெயரின் வரலாற்றை வைத்து இதை நிறுவ முடியாது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

மருத்துவத்தின் கையிலும் அத்தகைய செயல் ஒன்று இருக்கிறது. மெல்லிய ஊசியால் நீரை உறிஞ்சி எடுப்பது. சில நிமிட வேலை. வைக்கோல் நிறத்திலோ பச்சையாகவோ நீர் வரும், கட்டி விரலடியில் மறையும். இரத்தம் கலந்திராவிட்டால் அந்த நீரைச் சோதனைக்கு அனுப்பவும் பொதுவாகத் தேவையில்லை. வலியோ தொந்தரவோ இல்லாத எளிய கட்டிக்கு இது வேண்டியதில்லை என்பது நடைமுறை. தூக்கம் கெட்டு, நாளுக்கு நாலு தடவை தொட்டுப் பார்த்துக்கொள்கிறவளைத் ‘தொந்தரவு இல்லாதவள்’ என்று எப்படி எழுதுவது? பதற்றத்தையும் ஓர் அறிகுறியாக ஏற்றால், ஊசியை வேண்டுமா என்று அவளிடம் கேட்கும் கடமை நமக்கு வந்துவிடும். கட்டி மறுபடி நிரம்பலாம். அதையும் முன்கூட்டியே சொல்ல வேண்டும். அப்போது மறுநிரப்பு, கோத்த நீர் மறுபடி கோப்பதாக இருக்கும். புதிய தீர்ப்பாக இராது.

கேரளப் புள்ளிவிவரத்தைத் திருவள்ளூருக்குப் பொருத்தலாமா என்று கேட்பார்கள். கையும் மார்பும் அங்கேயும் இங்கேயும் ஒன்றுதான். எண் சற்று ஏறலாம், இறங்கலாம். அச்சத்தைப் பேசினால் பெண்கள் பரிசோதனைக்கு வராமல் போவார்கள் என்ற மறுப்பு இதைவிடக் கனமானது. மும்பையில் டாடா நினைவு மருத்துவமனை 1,51,538 பெண்களை இருபது ஆண்டுகள் தொடர்ந்து 2021இல் வெளியிட்ட ஆய்வில், கைப்பரிசோதனை ஐம்பதும் அதற்கு மேலும் வயதானோரிடையே மார்பகப் புற்றுநோய்ச் சாவுகளை ஏறத்தாழ 30 விழுக்காடு குறைத்தது. அந்த உயிர்களுக்கு எதிராக நான் எழுதவில்லை. 30 வயது தாண்டியவர்களுக்கு ஐந்தாண்டுக்கொருமுறை கைப்பரிசோதனை என்று 2016இல் இந்திய அரசின் வழிகாட்டுதல் சொன்னபோது, திருவனந்தபுரத்தின் கணக்குப்படி ஒரு புற்றுநோய்க்கு 96 பேரை அழைக்கப்போகிறோம் என்பதும் அதனுள் அடங்கியிருந்தது. அழைக்கிறவர்களுக்கு மீதி 95 பேரை வழியனுப்பும் பொறுப்பும் உண்டு. அச்சத்தோடு திரும்பியவள் அடுத்த ஐந்தாண்டில் வருவாளா என்பதைப் பரிசோதனையின் ஆதரவாளர்கள்தான் முதலில் கேட்டிருக்க வேண்டும்.

ஆரம்ப சுகாதார நிலையத்தில் செவிலியர் கையில் இருக்கும் பதிவேட்டில் பார்த்த தேதிக்கும் அனுப்பிய தேதிக்கும் கட்டங்கள் இருக்கின்றன. அவற்றின் பக்கத்தில் இன்னொரு கட்டம் வேண்டும்: முடிந்தது என்று அவளிடம் சொன்ன தேதி, சொன்னவர் பெயர், சொன்ன மொழி.