பிரான்சு விசாவும் நாமும்: ஒரு தாளின் வரலாறு

எங்கள் தெருவில் யாராவது ஒருவர் கையில் எப்போதும் ஒரு விசா ஃபைல் இருக்கும். மகள் பிரசவத்துக்குப் போகிறவர், பேரனின் புதுநன்மைக்குப் போகிறவர், தம்பி வீட்டுக் கல்யாணத்துக்குப் போகிறவர் என்று வருடம் முழுவதும் ஆள் உண்டு. பிரெஞ்சில் படித்தவன், அதிலும் ஓய்வுபெற்ற குமாஸ்தா என்பதால் படிவத்தைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வருவார்கள். நிரப்பித் தருவேன். கூடவே ஒரு கேள்வியும் வரும்: "போய்ப் பார்த்துவிட்டு வரத்தானே போகிறோம் சார், இதற்கு எதற்கு இத்தனை காகிதம்?"

முப்பது வருடத்துக்கு மேல் அரசாங்க மேசையில் உட்கார்ந்து எழுதியவன் என்ற முறையில் என் பதில் ஒன்றுதான். ஒரு படிவத்தில் புதிதாக ஒரு கட்டம் முளைத்திருக்கிறதா? அதற்கு முன்னால் எங்கோ ஏதோ நடந்திருக்கிறது. பிரான்சு விசாவும் அப்படித்தான். அதில் கேட்கிற ஒவ்வொரு தாளுக்கும் பின்னால் ஒரு கதை இருக்கிறது.

முதலில் சொல்லைப் பார்ப்போம். 'விசா' லத்தீனிலிருந்து வந்தது. 'பார்க்கப்பட்டது' என்று பொருள். உங்கள் தாளை அதிகாரி பார்த்தார், அவ்வளவுதான். 'பாஸ்போர்' என்பது நாங்கள் பள்ளியில் சொல்லிப் பழகிய பிரெஞ்சு உச்சரிப்பு. கடந்துபோக அனுமதி என்று பொருள். ஆரம்பத்தில் இந்தத் தாள்கள், உள்ளே வருகிறவனைத் தடுப்பதற்கு எவ்வளவு பயன்பட்டனவோ அவ்வளவுக்கு, வெளியே போகிறவனைப் பிடிப்பதற்கும் பயன்பட்டன.

அதற்குப் பிரெஞ்சு சரித்திரத்திலேயே நல்ல உதாரணம் உண்டு. 1791 ஜூனில் பதினாறாம் லூயி மன்னர் குடும்பத்தோடு பாரீஸை விட்டு ஓடினார். கையில் இருந்த பாஸ்போர்ட் கோர்ஃப் சீமாட்டி என்ற ரஷ்யப் பிரபுக் குலத்துப் பெண்ணின் பெயரில் இருந்தது. அந்த அம்மாளின் வேலைக்காரனாக வேடம் போட்டு உட்கார்ந்திருந்தவர் பிரான்சு நாட்டின் ராஜா! வாரென் என்ற சிற்றூரில் பிடிபட்டார். புரட்சிக்காரர்களுக்கு ஆட்கள் தடையில்லாமல் நடமாட வேண்டும் என்ற கொள்கை இருந்தது. ஆனால் தப்பி ஓடுகிறவர்களைப் பற்றிய பயம் கொள்கையை ஜெயித்தது. 1792-இல் பாஸ்போர்ட் சட்டம் மறுபடி வந்தது. பயம் வந்தால் காகிதம் வரும் என்பது அன்றைக்கே தெரிந்த விஷயம்.

பிறகு ரயில் வந்தது. கூட்டம் கூட்டமாக இறங்குகிற ஜனங்களின் தாளையெல்லாம் யார் பார்ப்பது? பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் மேற்கு ஐரோப்பாவில் இந்தக் கட்டுப்பாடுகள் தளர்ந்துபோயின. 1914-இல் முதல் உலகப்போர் வந்தபோது எல்லாம் திரும்பி வந்தது, உளவாளி பயத்தால். போர் முடிந்தால் எடுத்துவிடுவார்கள் என்று நினைத்தார்கள், எடுக்கவில்லை. 1920 அக்டோபரில் சர்வதேச சங்கத்தின் மாநாடு பாரீஸில் கூடி, பாஸ்போர்ட் எப்படி இருக்க வேண்டும் என்று ஒரு மாதிரியை வகுத்தது. 32 பக்கப் புத்தகம். அந்தந்த நாட்டு மொழியோடு பிரெஞ்சும் இருக்க வேண்டும் என்றது. தற்காலிகம் என்று சொல்லி வருகிற படிவம் எந்த அலுவலகத்தில்தான் திரும்பிப் போயிருக்கிறது?

இனி நம் ஊருக்கு வருவோம். மற்ற ஊர்க்காரர்களுக்கு இல்லாத ஒரு அத்தியாயம் புதுச்சேரி, காரைக்கால், மாஹே, ஏனாம் மக்களுக்கு இருக்கிறது.

1954 நவம்பர் 1 அன்று நிர்வாகம் இந்தியாவிடம் வந்தது. சட்டப்படியான ஒப்படைப்பு உடன்படிக்கை 1956 மே 28-இல் கையெழுத்தாயிற்று. ஆனால் பிரெஞ்சுப் பாராளுமன்றம் ஒப்புதல் தர இழுத்தடித்து, 1962 ஆகஸ்ட் 16-இல்தான் அது நடைமுறைக்கு வந்தது. உடன்படிக்கையில் குடியுரிமை பற்றிய ஷரத்துகள் சில வரிகள்தான். அந்தச் சில வரிகள் எத்தனையோ குடும்பங்களைப் பிரித்துப் போட்டன.

விதி இதுதான். இங்கே பிறந்து அந்தத் தேதியில் இங்கேயே குடியிருக்கிற பிரெஞ்சுக் குடிமகன், எதுவும் செய்யாமல் இருந்தால் இந்தியன் ஆகிவிடுவான். பிரெஞ்சுக்காரனாகவே இருக்க வேண்டுமானால் ஆறு மாதத்துக்குள் எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். இதைத்தான் நம் ஊரில் 'ஒப்சியோன்' என்றார்கள். இங்கே பிறந்து, அந்தத் தேதியில் இந்தியாவுக்கும் இந்த ஊர்களுக்கும் வெளியே வேறு நாட்டில் குடியிருந்தவனுக்கு இது தலைகீழ். அவன் சும்மா இருந்தால் பிரெஞ்சுக்காரன், இந்தியனாக வேண்டுமென்றால்தான் எழுதித் தர வேண்டும்.

எங்கள் குடும்பத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். என் அப்பாவோடு பிறந்தவர்கள் இரண்டு பேர். பெரியப்பா சைகோனில் உத்தியோகத்தில் இருந்தார். ஒரு கையெழுத்தும் போடவில்லை, பிரெஞ்சுக்காரராகவே இருந்தார். சித்தப்பா இந்தோசீனாவில் போரிட்டுத் திரும்பிய சொல்தா. பென்ஷன் பிரான்சிலிருந்து வந்துகொண்டிருந்தது. ஆகவே எழுதிக் கொடுத்தார். அவரும் பிரெஞ்சுக்காரர். என் அப்பாவுக்கு இங்கே கடை, பாகம் பிரியாத வீடு, வயதான என் பாட்டி. "பிறந்த ஊரில் இருப்பதற்கு நான் ஏன் விண்ணப்பம் போட வேண்டும்?" என்றார். எழுதவில்லை. இந்தியர் ஆனார். எனக்கு அப்போது பதினோரு வயது. பள்ளியில் காலையில் பிரெஞ்சு தேசப்படம் போட்டுக்கொண்டிருந்தேன். வீட்டில் திண்ணையில் அண்ணன் தம்பி இருவரும் பேசிக்கொள்ளாமல் உட்கார்ந்திருந்தது நினைவிருக்கிறது. யார் செய்தது சரி என்று நான் இன்றும் தீர்ப்புச் சொல்ல மாட்டேன். ஒருவர் பென்ஷனைப் பார்த்தார், ஒருவர் தாயைப் பார்த்தார்.

ஏறக்குறைய ஐயாயிரம் பேர் அப்படி எழுதிக் கொடுத்தார்கள் என்பது கணக்கு. அதன் பலன் அன்றைக்குத் தெரியவில்லை. பிள்ளைகள் காலத்தில்தான் தெரிந்தது. சித்தப்பா மகன் பதினெட்டு வயதில் விமானம் ஏறி, பட்டாளத்தில் சேர்ந்து, பாரீஸின் வடக்குப் புறநகரில் வீடு வாங்கிவிட்டான். நான் பரீட்சை எழுதிக் குமாஸ்தா ஆனேன். பள்ளியில் என் மதிப்பெண் அவனைவிட எப்போதும் பத்துப் பன்னிரண்டு கூட. அதைச் சொன்னால் இன்றும் போனில் சிரிப்பான்.

அடுத்த கதை 1986. அந்த செப்டம்பரில் பாரீஸில் அடுத்தடுத்து குண்டுகள் வெடித்தன. ரென் தெருவில் 17-ஆம் தேதி வெடித்ததுதான் எல்லாவற்றிலும் கொடியது. ஷிராக் அப்போது பிரதமர். ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தாரும் சுவிஸ்காரர்களும் தவிர மற்ற எல்லா வெளிநாட்டவருக்கும் விசா கட்டாயம் என்று அறிவித்தார்கள். அமெரிக்கர்களுக்கும்கூட! அமெரிக்கர் போன்றவர்களுக்குப் பிறகு விலக்கு வந்தது. நமக்கு வரவில்லை. அதே ஆண்டு அக்டோபரில் பிரிட்டனும் இந்தியர்களுக்கு விசா கட்டாயம் என்றது.

இதற்கிடையில் 1985 ஜூன் 14 அன்று, லக்சம்பர்க் நாட்டில் மோசெல் ஆற்றங்கரையில் உள்ள ஷெங்கன் என்ற திராட்சைத் தோட்டக் கிராமத்தில், ஒரு படகில் வைத்து ஐந்து நாடுகள் ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டன. தங்களுக்குள் எல்லைச் சாவடியை எடுத்துவிடுவது என்று. 1995 மார்ச் 26 முதல் ஏழு நாடுகளில் அது நடைமுறைக்கு வந்தது. உள்ளே கதவுகளை எடுத்தவர்கள் வாசல் கதவைக் கெட்டியாக்கினார்கள். கூட்டுக் குடும்பத்தில் அறைகளுக்குத் தாழ்ப்பாள் இல்லாவிட்டால் தெருக்கதவுக்கு இரண்டு பூட்டுப் போடுவோமே, அதுபோல. ஆகவேதான் பிரான்சு தருகிற ஒரு விசாவில் ஜெர்மனிக்கும் இத்தாலிக்கும் போகலாம். ஆகவேதான் எந்த 180 நாளிலும் 90 நாளுக்கு மேல் இருக்கக் கூடாது என்ற கணக்கும் எல்லா நாட்டுக்கும் சேர்த்தே.

இப்போது ஃபைலைத் திறப்போம். மருத்துவக் காப்பீடு குறைந்தது 30,000 யூரோ. 2004 முதல் கட்டாயம். வந்தவர் படுத்துவிட்டால் ஆஸ்பத்திரிச் செலவு அந்த நாட்டின் தலையில் விழக் கூடாது. செத்துப்போனால் ஊருக்குக் கொண்டுவரும் செலவும் இதில் அடக்கம். பாஸ்போர்ட் பத்து வருடத்துக்குள் வாங்கியதாக, திரும்பும் தேதிக்குப் பின்னும் மூன்று மாதம் செல்லுபடியாவதாக, இரண்டு பக்கமாவது காலியாக இருக்க வேண்டும். கைரேகையை நம் நாட்டில் 2015 நவம்பரிலிருந்து வாங்குகிறார்கள். கட்டணம் 2024 ஜூனிலிருந்து 90 யூரோ. விசா கிடைக்காவிட்டாலும் அது திரும்பாது.

உறவினர் வீட்டில் தங்குகிறவர்களுக்கு இன்னொரு தாள், 'அத்தெஸ்தாசியோன் தக்கேய்'. தமிழில் சொன்னால் வரவேற்புச் சான்றிதழ். நம்மை அழைக்கிறவர் தன் ஊர் மேரிக்கு, அதாவது நகரசபைக்குப் போய் வாங்க வேண்டும். முப்பது யூரோ ஸ்டாம்பு. வீட்டில் எத்தனை அறை, வருமானம் என்ன என்று பார்ப்பார்கள். இதற்கும் கதை உண்டு. 1997-இல் ஒரு சட்டத்தில், விருந்தாளி கிளம்பிப் போய்விட்டார் என்று வீட்டுக்காரர் மேரியில் தெரிவிக்க வேண்டும் என்று எழுதப் பார்த்தார்கள். "விருந்தாளியைக் காட்டிக்கொடுக்க மாட்டோம்" என்று சினிமா இயக்குநர்கள் முதலில் கிளம்ப, பிப்ரவரியில் பாரீஸ் தெருக்களில் பெரும் ஊர்வலம் போயிற்று. அரசாங்கம் அந்த வரியைக் கைவிட்டது. மறு வருடம் வந்ததுதான் இன்றைய சான்றிதழ். 2003-இல் அதை மறுபடி இறுக்கினார்கள். என் தம்பி எனக்காக அதை வாங்கப் போனபோது, "உறவு?" என்று கேட்டார்களாம். "அண்ணன்" என்றிருக்கிறான். "குடும்பப் பெயர் வேறாக இருக்கிறதே?" என்றார்களாம். பெரியப்பா மகனும் அண்ணன்தான் என்று பிரெஞ்சில் எப்படிச் சொல்வது? 'கூசேன்' என்று எழுதிக்கொண்டு அனுப்பினார்கள்.

எல்லாத் தாளையும் அடுக்கிப் பார்த்தால் கேள்வி ஒன்றுதான்: 'நீ திரும்பிப் போவாயா?' பென்ஷன் ஆணை, வீட்டு வரி ரசீது, வங்கிக் கணக்கு எல்லாமே அந்த ஒரு கேள்விக்குப் பதில்கள். ஆகவே ஃபைல் கட்டுகிறவர்களுக்கு நான் சொல்வது: பணம் இருக்கிறது என்று காட்டுவதைவிட, இங்கே உங்களுக்கு என்ன இருக்கிறது என்று காட்டுங்கள். ஒழுங்காகப் போய் ஒழுங்காகத் திரும்பியவர்களுக்கு இப்போது சலுகையும் உண்டு. மூன்று வருடத்துக்குள் இரண்டு விசாவை முறையாகப் பயன்படுத்தியிருந்தால், பலமுறை போய்வர இரண்டு வருட விசா இந்தியர்களுக்குக் கொடுக்கலாம் என்று 2024 ஏப்ரலில் முடிவாயிற்று.

பாஸ்போர்ட்டில் குத்துகிற அந்த முத்திரையும் இனி இல்லை. 2025 அக்டோபர் 12 முதல் படிப்படியாக கம்ப்யூட்டரில் முகமும் கைரேகையும் பதிவாகிறது. பார்த்தேன் என்று சொல்ல மனிதர் தேவையில்லை.

நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டு டிரங்குப் பெட்டியில் தாத்தாவின் ஒப்சியோன் தாளோ, பழைய பிறப்புப் பதிவோ, சொல்தா பென்ஷன் புத்தகமோ இருந்தால் கரையானுக்குக் கொடுத்துவிடாதீர்கள். விசாவுக்கு அது உதவுமோ உதவாதோ, உங்கள் பேரன் ஒருநாள் 'நாம் ஏன் இந்தப் பக்கம் இருக்கிறோம், அவர்கள் ஏன் அந்தப் பக்கம்?' என்று கேட்பான். காட்டுவதற்கு ஒரு தாளாவது இருக்கட்டும்.