கடைக்கு இடம் குறிப்பது யார்?

ஓர் ஊரில் புதிய மதுக்கடை வரப்போகிறது என்ற பேச்சு எழுந்தால் இரண்டு குரல்கள் கேட்கும். "குடி குடியைக் கெடுக்கும், கடையே வேண்டாம்" என்பது ஒன்று. "கடை இல்லாவிட்டால் கள்ளச்சாராயம் வரும்" என்பது மற்றொன்று. இந்தச் சத்தத்தில் ஒரு கேள்வி அமுங்கிப் போகிறது. கடை எந்தத் தெருவில் வரவேண்டும் என்று முடிவு செய்வது யார்? போராட்டக் களத்துக்கு வரும் இளைய தோழர்கள் இந்தக் கேள்வியின் வரலாற்றைத் தெரிந்திருக்க வேண்டும் என்பதால் இதை எழுதுகிறோம்.

வெள்ளைக்காரர் ஆட்சியில், சென்னை மாகாணத்தில் 1886ஆம் ஆண்டு அப்காரிச் சட்டம் வந்தது. கள், சாராயம் விற்கும் உரிமையை சர்க்கார் ஏலம் விட்டது. ஏலம் எடுத்தவருக்கு லாபம், கஜானாவுக்கு வருமானம். இரண்டும் கூலிக்காரனின் மடியிலிருந்து வந்தன. ஏலக் கூடத்தில் சேரிக்கு இடமில்லை.

1937 அக்டோபர் 1 அன்று ராஜாஜி அரசு சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கியது. இழந்த வருமானத்தை ஈடுகட்ட 1939இல் விற்பனை வரி வந்தது. குடிக்காதவரும் கடையில் சாமான் வாங்கும்போது வரி கட்டினார்கள். அண்ணல் அம்பேத்கர் இதைக் கூர்ந்து பார்த்தவர். அவர் தலைமையிலான பட்டியல் சாதிகள் கூட்டமைப்பின் 1951 தேர்தல் அறிக்கை மதுவிலக்கைக் கைவிடச் சொன்னது. அரசின் வருமானம் வீணாகிறது என்பது அதன் முக்கியமான வாதம். ஆகவே மதுவிலக்கை ஆதரிப்பவர்தான் தலித் விடுதலையை ஆதரிப்பவர் என்று யாராவது நமக்குப் பாடம் எடுத்தால், இந்த அறிக்கையை எடுத்துக் காட்டுங்கள். ஒழுக்கப் பிரசங்கம் நம் வேலையில்லை. முடிவெடுக்கும் அதிகாரம் யார் கையில் என்பதே நம் கேள்வி.

அந்த அதிகாரத்தைக் கூலிக்காரப் பெண்கள் கையில் எடுத்த கதை ஒன்று நம் எல்லைக்கு வடக்கே நடந்தது. ஒரு காலத்தில் சென்னை மாகாணத்தில் இருந்த நெல்லூர் மாவட்டத்தில் தூபகுண்டா என்றொரு கிராமம். ஆந்திர அரசின் கலால் வருமானம் 1970-71இல் 39 கோடி ரூபாய். 1991-92இல் 812 கோடி. சாராயம் பாக்கெட்டில் வீட்டு வாசலுக்கே வந்தது. அந்த நேரத்தில் எழுத்தறிவு இயக்கத்தின் இரவு வகுப்புகளுக்குப் பெண்கள் வந்தார்கள். பாடப் புத்தகத்தில் ஒரு குடிகாரன் குடும்பத்தின் கதை இருந்தது. படித்தவர்கள் அது தங்கள் கதை என்றார்கள். கூடிப் பேசினார்கள். ஊர்க் கடையை மூடவைத்தார்கள்.

அதோடு நிற்கவில்லை. கடையை மூடினாலும் அடுத்த ஏலத்தில் உரிமம் மறுபடி வரும் என்பது அவர்களுக்குப் புரிந்தது. 1992இல் ஏலத்தையே மறித்தார்கள். நெல்லூரில் ஏலம் திரும்பத் திரும்பத் தள்ளிப் போனது. 1993 ஏப்ரலில் அந்த மாவட்டத்திலும், அக்டோபர் 1 முதல் மாநிலம் முழுவதிலும் சாராயம் தடை செய்யப்பட்டது. இந்தப் போராட்டத்தில் பெருமளவில் நின்றவர்கள் தலித், பிற்படுத்தப்பட்ட சாதிகளின் கூலிப் பெண்கள். 1995இல் வந்த முழு மதுவிலக்கு 1997இல் தளர்த்தப்பட்டது. அதிகாரம் மறுபடி அரசிடமே போனது. ஆனால் உரிமம் பிறக்கும் இடத்தில் போய் மறிக்க வேண்டும் என்ற பாடம் நமக்கு மிச்சம்.

தமிழ்நாட்டில் 2003 முதல் சில்லறை விற்பனை டாஸ்மாக் கையில். ஏலக் கூடம் போய் ஆட்சியர் அலுவலகம் வந்தது. அந்த ஆண்டின் விதிகள்படி வழிபாட்டுத் தலத்துக்கும் கல்வி நிலையத்துக்கும் நகராட்சி, மாநகராட்சியில் 50 மீட்டர், மற்ற இடங்களில் 100 மீட்டர் தள்ளிக் கடை இருக்க வேண்டும். அளவு நாடா கோயிலிலிருந்து நீளும், பள்ளியிலிருந்து நீளும். குடிசை வாசலிலிருந்து நீளாது.

உச்ச நீதிமன்றத்தின் நெடுஞ்சாலைத் தீர்ப்பால் 2017 ஏப்ரலில் 3,000க்கும் மேற்பட்ட கடைகள் மூடப்பட்டபோது இது வெளிச்சத்துக்கு வந்தது. மாற்று இடம் தேடிக் கடைகள் குடியிருப்புகளுக்குள் நுழைந்தன. பெண்கள் தெருவுக்கு வந்தார்கள். திருப்பூர் மாவட்டம் சாமளாபுரத்தில் அவர்கள் மேல் போலீஸ் கை வைத்ததை நாடே பார்த்தது. மே 1 கிராம சபைகளில் கடை வேண்டாம் என்று தீர்மானங்கள் வந்தன. ஆனால் கிராம சபைக்கு ஊராட்சிகளுக்கென அரசியலமைப்பின் பதினோராம் அட்டவணை பட்டியலிடும் 29 பொருள்களில் மது இல்லை. 1996இல் வந்த பெசா சட்டம் ஐந்தாம் அட்டவணைப் பகுதிகளின் கிராம சபைகளுக்கு மது விற்பனையைத் தடுக்கவும் ஒழுங்குபடுத்தவும் அதிகாரம் தருகிறது. பழங்குடி கிராமத்துக்குச் சட்டம் ஒப்புக்கொண்ட உரிமை, அதே நாட்டின் மற்ற கிராமங்களுக்கு ஏன் இல்லை?

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. கிராம சபை கிடைத்தாலே நமக்கு நீதி கிடைத்துவிடாது. "ஊருக்குள் வேண்டாம், காலனிப் பக்கம் வைத்துக்கொள்ளுங்கள்" என்று ஊர்க்காரர்கள் தீர்மானம் போட்டால் அதுவும் பெரும்பான்மைத்தான். எனவே நம் கோரிக்கை இரண்டு பகுதி கொண்டது: கடை வேண்டுமா வேண்டாமா என்பதில் கிராம சபையின் முடிவு ஆட்சியரைக் கட்டுப்படுத்த வேண்டும், கடைக்குக் குறிக்கும் இடத்துக்கு அருகில் குடியிருக்கும் மக்கள், முதலில் அங்குள்ள பெண்கள், சம்மதிக்காமல் உரிமம் தரக் கூடாது. அடுத்த கிராம சபைக்குப் போகும் தோழர்கள் இந்த இரண்டையும் எழுத்தில் கொண்டு போங்கள். தீர்மானப் புத்தகத்தில் பதிவானதை நேரில் பார்த்துவிட்டுத்தான் எழுந்து வாருங்கள்.