தெர்மோஸ்டாட்டின் இரண்டு கம்பிகள்

அமெரிக்காவின் விஸ்கான்சினில், வகுப்பறை குளிர்ந்தால் பள்ளிப் பணியாளர் நிலவறைக்கு இறங்கி உலையின் காற்றுக் கதவைத் திருப்ப வேண்டியிருந்தது. அங்கே ஆசிரியராக இருந்த வாரன் ஜான்சன் 1883இல் மின்சாரத் தெர்மோஸ்டாட்டுக்குக் காப்புரிமை பெற்றார். இரண்டே ஆண்டுகளில், காற்றுக் கதவைத் தானே இயக்கும் கருவியை ஆல்பர்ட் பட்ஸ் உருவாக்கினார்.

1953இல் வந்த ஹனிவெல்லின் வட்டத் தெர்மோஸ்டாட் அழகான எளிமை கொண்டது. உலோகச் சுருளின் நுனியில் ஒரு கண்ணாடிக் குப்பி, குளிரில் சுருள் அசைய, குப்பி சாய்ந்து, உள்ளிருக்கும் பாதரசம் இரு கம்பிகளின் முனைகளையும் இணைக்கும், கொதிகலன் எரியும்.

தரைக்கடியில் வெந்நீர்க் குழாய்கள் பதித்த வீடுகளில் அறைக்கொரு தெர்மோஸ்டாட் வந்தது. அது முதலில் அந்த அறையின் வால்வைத் திறக்கும். வால்வு திறந்த பிறகே கொதிகலனுக்கு அழைப்புப் போகும்.

பாதரசக் குப்பிக்குத் தனி மின்சாரம் தேவைப்படவில்லை. திரையும் வைஃபையும் கொண்ட இன்றைய கருவிக்குத் தேவை. அதனால் இரு கம்பி மட்டும் உள்ள பழைய வீடுகளில் பெரும்பாலும் மூன்றாவது கம்பி இழுக்க வேண்டியிருக்கிறது.