தீனபந்து ஆண்ட்ரூஸ்

ஹடப்சரிலிருந்து பேருந்தேறி டெக்கான் ஜிம்கானாவில் இறங்கும் அன்பர்கள், கோகலே 1905-இல் நிறுவிய இந்திய ஊழியர் சங்கத்தின் வளாகத்தைக் கண்டிருப்பர். கடல் கடந்து சென்ற தமிழ்க் கூலிகளின் கண்ணீர்க் கதைக்கும் கோகலே வாழ்ந்த இந்நகருக்கும் உள்ள தொடர்பை நம்மவருள் பலர் எண்ணிப் பார்த்ததில்லை. அத்தொடர்பின் நடுவே நிற்பவர் ஓர் ஆங்கிலப் பாதிரியார், சி. எஃப். ஆண்ட்ரூஸ் என்பது அவர்தம் பெயர்.

1871-இல் இங்கிலாந்தின் நியூகாசில் நகரில் பிறந்தவர், கேம்பிரிட்ஜில் கற்றவர். இலண்டனின் வால்வொர்த் பகுதி ஏழைகளிடையே பணிபுரிந்தபின், 1904-இல் தில்லி புனித ஸ்தேவான் கல்லூரிக்கு ஆசிரியராக வந்தார்.

1913-இல் தென்னாப்பிரிக்காவின் நேட்டாலில் உள்ள மற்றொரு நியூகாசிலில் (பெயர்ப் பொருத்தத்தின் விந்தையே விந்தை!) நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். அவர்தம் உள்ளத்தில் கனல் மூட்டியவர்கள் தமிழ்ப் பெண்கள். ஒப்பந்தம் முடிந்தும் தாயகம் திரும்பாதவர் ஆண்டுதோறும் மூன்று பவுன் வரி கட்டவேண்டும் என்பதே அன்றைய கொடுமை. அவர்களுக்காகக் கோகலே நிதி திரட்டியபோது ஆண்ட்ரூஸ் தம் சேமிப்பு முழுவதையும் ஈந்தார். கோகலே வேண்டவே, நண்பர் பியர்சனுடன் தாமே கப்பலேறினார். 1914 ஜனவரியில் டர்பன் துறைமுகத்தில் இறங்கியவர், காந்தியடிகள் யார் எனக் கேட்டறிந்து, குனிந்து அவர் பாதங்களைத் தொட்டார். வெள்ளையர் ஒருவர் இந்தியர் காலைத் தொடுவதா என அங்குள்ள வெள்ளையர் கொதித்தனர். அவ்வாண்டிலேயே அவ்வரி நீங்கிற்று.

ஆயினும் அவருடைய பெரும்பணி பிஜித் தீவில்தான். 1903 முதல் சென்னையிலிருந்தும் அங்குக் கரும்புத் தோட்டங்களுக்கு ஆட்கள் ஏற்றப்பட்டனர். ஐந்தாண்டு ஒப்பந்தம். நாளெல்லாம் கோப்புகளோடு உழலும் எழுத்தனாகிய எனக்கு அந்த ஒப்பந்தத் தாளை நினைத்தால் நெஞ்சு நடுங்குகிறது. நம்மையும் ஓர் உத்தரவுத் தாள்தான் இவ்வூருக்குக் கொணர்ந்தது. மனம் ஒவ்வாவிடில் மாறுதல் கேட்டு விண்ணப்பிக்கலாம். கைந்நாட்டு வைத்துச் சென்ற அவர்களோ இடையில் வேலையை விட்டால் சிறை புகவேண்டும். பத்தடி நீளமும் ஏழடி அகலமும் உள்ள அறையில் மூன்று ஆடவர் வாழ்ந்தனர். நூறு ஆடவர்க்கு நாற்பது பெண்டிர் என்ற கணக்கில் ஆள் சேர்த்ததால் குடும்ப வாழ்வு குலைந்தது. கொலையும் தற்கொலையும் மலிந்தன. பாரதியார் அப்பெண்டிரின் துயரைப் பாடியதை அறிவோம். ஆண்ட்ரூஸ் 1915-இல் நேரிற் சென்று, கூலி லைன்களில் நுழைந்து, கண்டவற்றையெல்லாம் அறிக்கையாக எழுதினார். பாட்டுக்கு அசையாத அரசும் அறிக்கைக்குப் பதில் சொல்லியாகவேண்டும் அன்றோ? 1917-இல் ஆளேற்றுமதி நின்றது. அவர் மீண்டும் பிஜி சென்றார். எஞ்சியிருந்த ஒப்பந்தங்களும் 1920 ஜனவரி முதல் நாள் நீக்கப்பட்டன.

இதற்கிடையே தில்லியை விட்டுத் தாகூரின் சாந்திநிகேதனத்தைத் தம் இல்லமாக்கிக் கொண்டிருந்தார். 1940 ஏப்ரல் 5-ஆம் நாள் கல்கத்தாவில் மறைந்தார். அந்நகரின் கிறித்தவக் கல்லறைத் தோட்டத்திலேயே அடக்கம் செய்யப்பட்டார்.