சீட்டுக்கு முன் உரிமை: தீவுப் பூங்காக்களின் நுழைவுக் கட்டணமும் நிலமற்றோரும்

இலஞ்சிக்கும் குற்றாலத்துக்கும் இடையே சில கிலோமீட்டர் தூரமே உள்ளது. பேரருவியிலும் ஐந்தருவியிலும் குளிப்பதற்கு எவரும் நுழைவுச் சீட்டு வாங்குவதில்லை. 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் ஏற்பட்ட திடீர் வெள்ளத்தில் 17 வயது மாணவர் ஒருவர் உயிரிழந்தார். அதன் பின்னர் அந்த அருவியை வனத்துறை வசம் ஒப்படைப்பது குறித்த பேச்சு எழுந்தது. உடனே எங்கள் ஊர்ப்பக்கம் எழுந்த கேள்வி ஒன்றுதான்: இனிக் குளிக்கவும் காசு கேட்பார்களா?

அக்கேள்வியைச் சட்டத்தின் வழியே ஆராய, தீவுப் பூங்காக்களைப் பார்ப்பது பயன் தரும். அருவிக்குப் பல பாதைகள் இருக்கலாம்; தீவுக்குப் படகுத்துறை ஒன்றே வாசல். அங்கே யார் சீட்டு வாங்கி உள்ளே போகிறார், யார் வெளியே நிறுத்தப்படுகிறார் என்பது மறைக்க இயலாதபடி தெரியும்.

மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள்

தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்துக்கும் இடையே வரிசையாக அமைந்த 21 தீவுகளையும் அவற்றைச் சூழ்ந்த ஆழமற்ற கடலையும் கடல்சார் தேசியப் பூங்காவாக்கும் அறிவிக்கையைத் தமிழக அரசு 1986 செப்டம்பரில் வெளியிட்டது. அதன் பரப்பு சுமார் 560 சதுர கிலோமீட்டர். 1989இல் 10,500 சதுர கிலோமீட்டர் கொண்ட உயிர்க்கோளக் காப்பகமும் அறிவிக்கப்பட்டது. பாதுகாப்புக்குத் தேவை இருந்தது என்பதில் நமக்கு ஐயமில்லை. பல்லாண்டுகள் பவளப்பாறைகளை வெட்டியெடுத்ததன் விளைவாகப் பூவரசன்பட்டி, விலங்குசல்லி ஆகிய இரு தீவுகள் நீரில் மூழ்கிவிட்டன.

அதே கடலில், பாம்பன் சின்னப்பாலம் போன்ற ஊர்களின் பெண்கள் தலைமுறைகளாகப் பாசி சேகரித்து வருகிறார்கள். மரிக்கொழுந்துப் பாசியும் கட்டக்கோரையும் மருந்து, உணவுத் தொழிற்சாலைகளுக்கு மூலப்பொருள்கள். பூங்கா எல்லை கண்டிப்பாக அமலான பிறகு, இப்பெண்களின் பாசியும் கருவிகளும் பறிமுதல் செய்யப்பட்டன. அவர்களோ மாதத்தில் 12 நாட்கள் மட்டுமே பாசி எடுப்பது, பாறையைச் சுரண்டும் உலோகக் கருவிகளைத் தவிர்ப்பது என்று தமக்குத் தாமே விதி வகுத்துக்கொண்டார்கள். 2015இல் அவர்களுள் ஒருவருக்குத் தீவுகளின் சூழல் பாதுகாப்புக்கான சீகாலஜி விருது கிடைத்தது. இன்று அதே பூங்காவின் குருசடைத் தீவுக்குக் கட்டணம் செலுத்தும் சுற்றுலாப் பயணிகளை வனத்துறையே படகில் அழைத்துச் செல்கிறது.

பணம் கொடுப்பவர் செல்லலாம், பிழைப்புக்குச் செல்பவர் குற்றவாளி என்னும் இந்நிலை எங்கிருந்து வந்தது?

சட்டத்தில் இல்லாத கட்டம்

வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம், 1972இன் 27ஆம் பிரிவு, சரணாலயத்துக்குள் யார் அனுமதியின்றி நுழையலாம் என்று சொல்கிறது: பணியில் உள்ள அரசு ஊழியர், அங்கே வசிக்க அனுமதி பெற்றவர், அதன் எல்லைக்குள் அசையாச் சொத்தில் உரிமை உள்ளவர், பொதுச் சாலை வழியே கடந்து செல்பவர், இவர்களைச் சார்ந்தோர். மற்றவர்கள் 28ஆம் பிரிவின்படி அனுமதி பெற வேண்டும். வன உயிரின ஆய்வு, ஒளிப்படம், அறிவியல் ஆராய்ச்சி, சுற்றுலா, அங்கு வசிப்போருடன் சட்டபூர்வமான அலுவல் ஆகிய நோக்கங்களுக்கே அந்த அனுமதி வழங்கப்படும். விதிகளில் குறிக்கப்பட்ட கட்டணத்தைச் செலுத்த வேண்டும். 35ஆம் பிரிவின் வழியே இவை தேசியப் பூங்காவுக்கும் பொருந்தும். மீறினால் 51ஆம் பிரிவின்படி மூன்றாண்டு வரை சிறையோ, 2022 திருத்தத்துக்குப் பின் ஒரு இலட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம்.

இந்தப் பட்டியலை மீண்டும் ஒருமுறை படித்துப் பாருங்கள். சொத்துடையவருக்கு விலக்கு உண்டு. சுற்றுலாப் பயணிக்குச் சீட்டு உண்டு. சொத்தும் இல்லாமல், சுற்றுலாவுக்கும் வராமல், கடலையோ காட்டையோ பயன்படுத்தியே வாழ்பவருக்கு அதில் ஒரு கட்டமும் இல்லை. நிலம் மறுக்கப்பட்ட சாதியினரும் தினையளவு மண்ணும் இல்லாத மீனவத் தொழிலாளரும் அந்த வெற்றிடத்தில்தான் நிற்கிறார்கள். சட்டம் சாதியைப் பெயர் சொல்லி விலக்கவில்லை. சொத்தை அளவுகோலாக வைத்ததால், சொத்திலிருந்து முன்பே விலக்கப்பட்டவர்கள் மீண்டும் விலக்கப்படுகிறார்கள்.

தேசியப் பூங்காவில் இன்னொரு கடுமையும் உண்டு. சரணாலயத்தில், தலைமை வன உயிரினக் காப்பாளரைக் கலந்து, ஏற்கெனவே உள்ள உரிமை தொடர மாவட்ட ஆட்சியர் அனுமதிக்கலாம் என்கிறது 24(2)(இ) உட்பிரிவு. தேசியப் பூங்காவுக்கு அந்த உட்பிரிவு பொருந்தாது என்று 35(3) வெளிப்படையாகவே விலக்குகிறது. எனினும் கடற்பகுதியைச் சேர்க்கும்போது உள்ளூர் மீனவரின் தொழில் நலனைக் காக்கப் போதிய நடவடிக்கை எடுத்த பின்னரே எல்லையை வரையறுக்க வேண்டும் என்று 26அ பிரிவு கட்டளையிடுகிறது. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம், ‘வன நிலம்’ என்பதில் தேசியப் பூங்காக்களையும் சேர்த்தே வரையறுக்கிறது. நீர்நிலைகளின் மீன் முதலிய விளைபொருள்கள் மீதான சமூக உரிமையையும் ஏற்கிறது. பழங்குடி அல்லாதவர், 2005 டிசம்பர் 13க்கு முன் மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டுகள், அங்கு வாழ்ந்து அதைச் சார்ந்திருந்ததை நிறுவ வேண்டும். பட்டாவே இல்லாத தலித் குடும்பங்களுக்கு இந்தச் சான்றுச் சுமை எவ்வளவு கனமானது என்பதை வழக்காடும் நாம் அறிவோம்.

கட்டணமா, வரியா?

சட்டத்தின் அதிகாரமின்றி வரி விதிக்கக் கூடாது என்பது அரசமைப்பின் 265ஆம் உறுப்பு. கட்டணம் என்பது செலுத்துபவருக்குக் கிடைக்கும் சேவையோடு தொடர்புடையதாக இருக்க வேண்டும் என்று 1954இல் சீரூர் மடம் வழக்கில் உச்ச நீதிமன்றம் வரியையும் கட்டணத்தையும் வேறுபடுத்தியது. பிந்தைய தீர்ப்புகள் அந்தத் தொடர்பைத் தளர்த்தினவே தவிர, நீக்கிவிடவில்லை. ஆகவே வசூலான பணம் எங்கே போகிறது என்பது சட்டபூர்வமான கேள்வி.

புலிகள் காப்பகங்களுக்கு இதில் ஒரு விடை உண்டு. நுழைவுக் கட்டணத்தை மறுசுழற்சி செய்து அப்பகுதியோடு தொடர்புடைய மக்களின் மேம்பாட்டுக்குப் பயன்படுத்துவதைப் புலிகள் பாதுகாப்பு அறக்கட்டளையின் நோக்கங்களுள் ஒன்றாக 38எக்ஸ் பிரிவு குறிப்பிடுகிறது. கடல்சார் தேசியப் பூங்காவுக்கு அச்சட்டத்தில் அத்தகைய பிரிவு இல்லை.

வளைகுடாவுக்கு அப்பால்

இலங்கையின் திருகோணமலை மாவட்டத்தில், நிலாவெளிக் கரைக்கு எதிரே புறாத்தீவு உள்ளது. 1963இல் சரணாலயமாகவும் 2003இல் தேசியப் பூங்காவாகவும் அறிவிக்கப்பட்ட பவளத் தீவு அது. அங்கே இரட்டைக் கட்டண முறை நடப்பில் உள்ளது: இலங்கைக் குடிமக்களுக்குச் சிறு தொகை, வெளிநாட்டவருக்கு டாலர் கணக்கில் பல மடங்கு, அதன்மேல் சேவைக் கட்டணமும் வரியும். சீட்டுப் பணம் வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்துக்கு. படகுக் கூலி தனி. வசதிக்கேற்பக் கட்டணத்தை வேறுபடுத்தலாம் என்பதற்கு இது சான்று. ஆனால் குடியுரிமை மட்டுமே அளவுகோலானால், கொழும்பின் செல்வந்தரும் நிலாவெளியின் மீனவரும் ஒரே வரிசையில் நிறுத்தப்படுகிறார்கள்.

எக்குவடோரின் கலாபகோசு தீவுகளில் 2024 ஆகஸ்ட் 1 முதல் பெரும்பாலான வெளிநாட்டவருக்கு 200 டாலர், அந்நாட்டுக் குடிமக்களுக்கு 30 டாலர். தீவுவாசிகள் செலுத்த வேண்டியதில்லை. வசூல் எந்தெந்த உள்ளூர் நிறுவனத்துக்குப் பங்காகும் என்பதையும் சட்டமே வரையறுக்கிறது. இந்தோனேசியாவின் கொமோடோவில் 2022இல் கட்டணத்தை 37.5 இலட்சம் ரூபியாவாக உயர்த்த முயன்றபோது, சுற்றுலாத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தனர். உயர்வு முதலில் தள்ளிவைக்கப்பட்டு, பின்னர் கைவிடப்பட்டது. உள்ளூர் மக்கள் பேச்சின் தொடக்கத்திலேயே இருந்தால் சட்டம் தெளிவாகிறது. இல்லாவிட்டால் தெருவில் பேச வேண்டியிருக்கிறது.

நம் மலைக்குத் திரும்பினால்

களக்காடு முண்டந்துறை, தமிழகத்தின் முதல் புலிகள் காப்பகம். அதனுள் காரையாற்றில் சொரிமுத்து அய்யனார் கோயில் உள்ளது. அருந்ததியர் பெண்களான பொம்மக்கா, திம்மக்காவை மணந்து மாடு காத்து மடிந்த பார்ப்பனர் முத்துப்பட்டன், பட்டவராயனாக அங்கே தெய்வமானார். பக்தர்கள் அவருக்குச் செருப்பைக் காணிக்கையாக்குகிறார்கள். ஆடி அமாவாசைக்கு அங்கு செல்லும் அருந்ததியர் குடும்பத்தை 28ஆம் பிரிவின் எந்த நோக்கத்தில் அடக்குவது? வழிபாடு அப்பட்டியலில் இல்லை. சுற்றுலா என்ற கட்டமே மிஞ்சுகிறது.

தலைக்கு 50 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு 250 ரூபாய். 2025–26இல் தமிழகத்துக்கு அறிவிக்கப்பட்ட நூறு நாள் வேலைக் கூலி 336 ரூபாய். ஒரு நாள் உழைப்பில் ஏறத்தாழ முக்கால் பங்கு வாசலிலேயே கரைந்துவிடும்.

அரசு நிதியில் பராமரிக்கப்படும் நீர்நிலைகள், படித்துறைகள், பொது இடங்களைப் பயன்படுத்துவதில் சாதியின் அடிப்படையில் தடை கூடாது என்கிறது அரசமைப்பின் 15(2) உறுப்பு. கட்டணமும் தீண்டாமையும் ஒன்றென்று நாம் வாதிடவில்லை. ஆனால் 1927 மார்ச் 20 அன்று மகாத்தில் அண்ணல் அம்பேத்கர் சவுதார் குளத்து நீரை அருந்தியபோது, அக்குளம் ஏட்டளவில் ஏற்கெனவே அனைவருக்கும் திறக்கப்பட்டே இருந்தது. தாளில் இருக்கும் உரிமை காலடி பட்ட பிறகே உரிமையாகிறது.

கேட்க வேண்டியவை

உங்கள் பகுதியில் நுழைவுக் கட்டணம் விதிக்கப்பட்டால், தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் பத்து ரூபாய்க் கட்டணத்தில் பின்வருவனவற்றைக் கேளுங்கள். விடையளிக்க 30 நாட்கள் அவகாசம் உண்டு.

1. இக்கட்டணம் எந்த விதியின்கீழ், எந்த அரசிதழ் அறிவிக்கையால் விதிக்கப்பட்டது? துறையின் உள் சுற்றறிக்கை மட்டும் போதாது.
2. கடந்த மூன்று ஆண்டுகளில் வசூலான தொகை எவ்வளவு? எந்தக் கணக்கில் சேர்ந்தது? உள்ளூர் மக்களுக்கு எவ்வளவு செலவானது?
3. உள்ளூர்வாசிகள், தொழில் செய்வோர், வழிபாட்டுக்கு வருவோர் ஆகியோருக்கு விலக்கு உண்டா?
4. 19 முதல் 24 வரையிலான பிரிவுகளின்படி உரிமைகள் விசாரிக்கப்பட்டுத் தீர்வாயினவா? அந்த ஆணையின் நகல் எங்கே?
5. வன உரிமைச் சட்டத்தின்கீழ் எத்தனை மனுக்கள் பெறப்பட்டன, எத்தனை நிராகரிக்கப்பட்டன, என்ன காரணத்துக்காக?

இவற்றுள் நான்காவது கேள்வியே மற்றவற்றுக்கு அடிப்படை. உரிமைகள் தீர்க்கப்படாத இடத்தில் சீட்டு விற்பது, வழக்கு முடியுமுன் சொத்தை ஏலம் விடுவதற்கு ஒப்பானது. அந்த விடையைக் கிராம சபையில் உரக்கப் படித்துத் தீர்மானமாகப் பதிவு செய்யுங்கள். நாளை நீதிமன்றத்தில் அதுவே நம் முதல் ஆவணம்.